கனத்த துணியில் நூல் இறுக்கக் கோளாறுகள்

பூட்டுத் தையலில் ஊசியோடு இறங்கும் மேல்நூலும் பாபினிலிருந்து வரும் அடிநூலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ஐ.எஸ்.ஓ. 4915 வகைப்பாட்டில் இத்தையலின் எண் 301. இரு நூலும் கவ்வும் முடிச்சு துணியின் கனத்துக்குள் மறைந்து நிற்க வேண்டும். அது மேலேயோ கீழேயோ வெளிப்பட்டால் நூல் இறுக்கம், அதாவது டென்ஷன், சமன் தவறியிருக்கிறது. டெனிம், கேன்வாஸ், தோல் போன்றவற்றில் இந்தச் சமன் எளிதில் தவறும். ஆனால் அதற்குக் காரணம் டென்ஷன் திருகு மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. திருகில் கை வைப்பது கடைசி வேலையாக இருக்க வேண்டும்.

துணியின் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் உடனே பாபின் கேஸைக் கழற்றத் தோன்றும். குறையோ மேலே இருக்கிறது: தொங்குவது மேல்நூல். டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே அது சரியாக உட்காரவில்லை, அல்லது இடையில் பஞ்சுத் துகள் அடைந்திருக்கிறது. அழுத்துகாலைத் தூக்கிவைத்து நூலை மறுபடி கோத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கால் தூக்கியிருக்கும்போதுதான் தட்டுகள் விலகி நூலுக்கு வழிவிடும். இதற்கு மாறாக, மேற்பரப்பில் நூல் கம்பிபோல் நேராகக் கிடந்து, துளைகளில் அடிநூல் புள்ளியாகத் தெரிந்தால் மேல் இறுக்கம் அதிகம், அல்லது அடிநூல் தளர்வு.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஊசி. நூலுக்குச் சிறிய ஊசி போட்டால் துளை குறுகி, முடிச்சு உள்ளே ஏற முடியாமல் அடியிலேயே நின்றுவிடும். அப்போது மேல்நூலை எவ்வளவு இறுக்கினாலும் நூல் அறுவதுதான் மிச்சம். டெக்ஸ் 70 நூலுக்கு 110 எண் ஊசியும் டெக்ஸ் 135 நூலுக்கு 140 எண் ஊசியும் பொதுவாகப் பொருந்தும். 140 என்பது 1.4 மி.மீ. விட்டம். பூட்டுத் தையல் மெஷினுக்கு இசட் முறுக்கு நூலே ஏற்றது. எதிர் முறுக்கு நூல் ஓடும்போதே பிரியத் தொடங்கும்.

கனத்த துணிக்கே உரிய சிக்கல் மேடுகளில் எழுகிறது. ஜீன்ஸ் காலின் அடிமடிப்பில் துணி மூன்று அடுக்கு. மடித்துத் தைத்த உள்கால் தையல் மட்டுமே நான்கு அடுக்கு. மடிப்பு அதன்மீது வரும் இடத்தில் 12 அடுக்கு சேர்கிறது. சமதளத்தில் ஒழுங்காக ஓடிய மெஷின் அங்கே மட்டும் அடியில் வளையம் விடுமானால், மேட்டில் ஏறிய அழுத்துகால் டென்ஷன் தட்டுகளையும் சற்றே திறந்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். தைத்த துணியை வெளியே எடுப்பதற்காக அமைந்த விடுவிப்புப் பொறி, காலம் தவறி முன்கூட்டியே வேலை செய்கிறது. கால் இன்னும் உயர்ந்த பிறகே தட்டுகள் விலகும்படி அந்தப் பொறியைத் திருத்துவதே வழி. திருகை இறுக்கினால் மேட்டில் பயன் இராது. சமதளத்தில் தையல் சுருங்கும்.

மேட்டில் தையல் விட்டுப்போவது வேறு நோய். கால் சாய்ந்து, துணி ஊசியோடு சேர்ந்து எழும்புவதால் ஹூக் பிடிப்பதற்கு வளையம் உருவாவதில்லை. அதே துணியின் துண்டொன்றை மடித்துக் காலின் பின்புறம் வைத்து மட்டப்படுத்தினால் போதும். நாள் முழுவதும் கனத்த வேலையே என்றால், ஊசியும் காலும் பல்லும் சேர்ந்து நகரும் வாக்கிங் ஃபுட் மெஷினே தகும்.

அடிநூலுக்கு, பாபின் கேஸின் தகட்டு ஸ்பிரிங்கின் கீழ் துகள் இல்லாமல் சுத்தம் செய்துவிட்டு, கேஸை நூலில் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். லேசாக உதறினால் சிறிது இறங்கி நிற்க வேண்டும். தடித்த நூலுக்கு இதைவிடக் கூடுதல் இறுக்கம் தேவைப்படும். அதற்குப் பிறகே மேல் திருகு.

மெல்லிய, ஆனால் கெட்டியான தோலில் தடித்த நூல் போட்டால் எந்தத் திருத்தமும் முழுப் பலன் தராது. முடிச்சு ஒளிய அங்கே இடமே இல்லை. மெல்லிய நூலுக்கு மாற வேண்டியதுதான்.