ஒரு பழைய வில்லையும் ஜெயபுரமும்

பூநகரிப் பிரதேசத்தில் முழங்காவிலை அண்டியுள்ள ஜெயபுரத்திற்குச் சில மாதங்களுக்கு முன்னர் சென்றிருந்தேன். எனது கமெராவைக் கூர்ந்து பார்த்த இளைஞர் ஒருவர், "இது இப்பவும் வேலை செய்யுதோ ஐயா?" என்று கேட்டார். கமெரா புதியது. அவர் சுட்டியது அதில் பூட்டப்பட்டிருந்த வில்லையை, அதாவது லென்ஸை. கறுப்புப் பூச்சு உதிர்ந்து உலோகம் தெரிகின்ற, கையால் திருகிக் குவியம் பார்க்கவேண்டிய 24 மி.மீ. நிக்கோர் வில்லை அது. அந்த இளைஞரை விட அதற்கு வயது அதிகம்.

அவருக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கு சற்று விரிவாக எழுதலாம் என நினைக்கிறேன்.

ஒற்றை வில்லைப் பிரதிபலிப்புக் கமெராக்களில் வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையே ஒரு கண்ணாடி மேலும் கீழும் அசையும். அகலக் கோண வில்லையோ படச்சுருளுக்கு மிக நெருக்கமாக அமரவேண்டியது. நெருங்கினால் கண்ணாடி இடிக்கும். இந்தச் சிக்கலுக்கு 1950இல் பிரான்சின் பியர் ஆஞ்ஜெனியூ ஒரு தீர்வைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஒளியை விரிக்கும் பெரிய கண்ணாடியை முன்னால் வைத்து, வில்லையைத் தள்ளி நிறுத்தியபடியே அகன்ற காட்சியைப் பெறும் முறை அது. ஜேர்மனியின் ஜேனா நகரிலிருந்த சைஸ் நிறுவனமும் அதே காலப்பகுதியில் இவ்வழியில் இறங்கியது.

யப்பானியர்கள் இதனை மேலும் செம்மைப்படுத்தினர். 1959இல் நிக்கோன் எஃப் கமெரா வெளிவந்தது. 1967இல் வந்த 24 மி.மீ. நிக்கோர் வில்லையில், அருகிலுள்ள பொருளைப் படமெடுக்கும்போது தெளிவு குன்றாதிருக்க உள்ளேயிருக்கும் கண்ணாடிகள் தமக்கிடையிலான இடைவெளியை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. உலகெங்கும் செய்திப் படப்பிடிப்பாளர்களின் பைகளில் இந்த வகை வில்லைகள் இடம்பிடித்தன.

என் கைக்கு அது வந்தது தொண்ணூறுகளில், ஒரு பழைய நிக்கோன் எஃப்எம்2 கமெராவுடன். அது வன்னிக்கென்றே செய்யப்பட்டது போல எனக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. வடக்கின் மீது அன்று விதிக்கப்பட்டிருந்த பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்கள் நாம். எஃப்எம்2 கமெராவுக்கு ஒளிமானியை இயக்க மட்டுமே பற்றரி வேண்டும். மற்றெல்லாம் பல்சக்கரமும் சுருள்வில்லும்தான். வெயிலைக் கண்ணால் மதிப்பிட்டுத் துவாரத்தைத் திருகுவேன். தூரத்தை 2.4 மீற்றரில் வைத்து, துவாரத்தை எஃப் 8இல் விட்டால், ஏறத்தாழ 1.2 மீற்றர் தொடக்கம் அடிவானம் வரை எல்லாமே தெளிவாக விழும். முன்னால் நிற்பவரின் முகமும் அவர் பின்னாலிருக்கும் வயலும் ஒரே படத்தில் கிடைக்கும்.

1987இல் கனொன் நிறுவனம் தானியங்கிக் குவியத்திற்காகத் தனது வில்லைப் பூட்டையே மாற்றியது. பழைய வில்லைகளை வைத்திருந்தோர் கைவிடப்பட்டனர். நிக்கோன் பூட்டை மாற்றவில்லை. 1999இல் அதன் டீ1 டிஜிட்டல் கமெரா வந்தபோது பழைய வில்லைகள் அதிலும் பொருந்தின. ஆனால் உணரி படச்சுருளை விடச் சிறியது. எனது 24 மி.மீ. வில்லை 36 மி.மீ. வில்லையின் காட்சியைத்தான் தந்தது. அகலக் கோணத்தின் அகலம் போய்விட்டது.

அதனை எனக்கு மீட்டுத் தந்தது கண்ணாடியே இல்லாத கமெரா. 2013இல் சோனியின் ஏ7, படச்சுருள் அளவான உணரியுடன் வெளிவந்தது. நிக்கோன் பழைய பூட்டிலிருந்து படச்சுருள் வரையான தூரம் 46.5 மி.மீ.; சோனியில் 18 மி.மீ. மட்டுமே. எஞ்சிய 28.5 மி.மீ. இடைவெளியை உள்ளே எந்தக் கண்ணாடியும் இல்லாத ஓர் உலோக வளையம் நிரப்பிவிடுகிறது. கண்ணாடிக்கு இடம் விடுவதற்காகப் பிறந்த வில்லை வடிவம், கண்ணாடி ஒழிந்த கமெராவிலும் தன் முழு அகலத்தையும் தந்தது. உணரிக்கு மிக அண்மையில் அமரும் பழைய அகலக் கோண வில்லைகள் பல, டிஜிட்டலில் மூலைகளில் நிறம் மாறித் தெரிய இடமளிக்கின்றன. தள்ளி நிற்கும் இவ்வகைக்கு அத்தொல்லை குறைவு.

முயல விரும்புவோருக்குச் சில குறிப்புகள். வில்லை இல்லாமலும் படமெடுக்க அனுமதிக்கும் தெரிவைக் கமெராவில் இயக்கவேண்டும். துவார அளவு படத்தின் தரவுகளில் பதியாது. வளையங்கள் சில இம்மியளவு மெலிந்திருப்பதால் வில்லையில் பொறித்த தூர எண்களை அப்படியே நம்பலாகாது. திரையில் பெருப்பித்துப் பார்த்துச் சரிசெய்யவேண்டும். சூரியனுக்கு எதிரே நின்றால் ஒளிச்சிதறல் வரும். நமது ஈரக் காற்றில் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிக்கும். மூடிய பைக்குள் மாதக்கணக்கில் போட்டுவைக்காதீர்கள்.

ஜெயபுரத்தில் ஒரு மூதாட்டியைப் படமெடுக்க இந்த வில்லையைத்தான் திருகினேன். அகலக் கோணத்திற்கு எட்ட நிற்க முடியாது. ஒரு பாய் விரிக்கும் தூரத்தில் நின்று, பேசி, அனுமதி பெற்று எடுக்கவேண்டும். 2008இல் போர் நெருங்கியபோது புறப்பட்டவர் அவர். இடம் மாறி மாறி முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பியவர்.

"அவற்ர படம் ஒண்டும் மிஞ்சேல்லை தம்பி. கலியாணப் படமும் போட்டுது. முகம் மறந்துபோடுமோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தொண்ணூறுகளில் இதே வில்லையால் இந்தப் பகுதிகளில் நான் எடுத்த படங்களின் மறைச்சுருள்கள் கிளிநொச்சியில் ஒரு வீட்டில் இருந்தன. 2009இற்குப் பின்னர் அந்த வீடும் இல்லை, சுருள்களும் இல்லை. அவற்றில் இம்மூதாட்டியின் கணவரது முகம் எங்காவது ஒரு மூலையில் இருந்திருக்கக்கூடும். படமெடுத்த கண்ணாடி பிழைத்தது. அது கண்டவை பிழைக்கவில்லை.

அன்று நான் படங்களைப் பத்திரிகைக்கு அனுப்பினேன், மறைச்சுருள்களை ஒரே இடத்தில் வைத்தேன், எடுக்கப்பட்டவர்களுக்குப் பிரதி கொடுக்கவில்லை. போருக்கு மட்டும் அந்தப் பழியைச் சுமத்திவிட எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவர் வீட்டுச் சுவரிலும் ஒரு பிரதி இருந்திருந்தால், யாரோ ஒருவராவது அதனைத் துணிமூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்திருப்பார்.

மூதாட்டியின் படத்தை இரண்டு பிரதிகள் அச்சிட்டு அனுப்பினேன். ஒன்று அவருக்கு, மற்றையது வெளிநாட்டில் இருக்கும் அவரது மகளுக்கு.