பீதர் மண்ணும் ஒரு பூச்சாடியும்

மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் ஊர் ஊராக மாற்றலாகிப் போன நம்மவர்களின் வீட்டுக் கூடத்தைப் பார்த்தாலே, எந்தெந்த ஊரில் இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம். ஜெய்ப்பூர் நீலப் பீங்கான், காஷ்மீர் காகிதக்கூழ்ப் பெட்டி, மொராதாபாத் பித்தளைத் தட்டு, சென்னப்பட்டணா மரப்பொம்மை என்று ஒவ்வொன்றும் ஒரு மாற்றல் உத்தரவை நினைவூட்டும். எங்கள் வீட்டில் ஹைதராபாத் நாட்களின் நினைவாக இருப்பது ஒரு சாண் உயரமுள்ள கறுப்புப் பூச்சாடி. கரிய உடலில் மெல்லிய வெள்ளிக் கொடிகள் ஓடும். பித்ரி வேலைப்பாடு. 1979-ல் என் மனைவி ஆசைப்பட்டு வாங்கியது. வருடா வருடம் கொலுவின்போது முதல் படிக்கருகே அதற்கு ஓர் இடம் உண்டு.

அவள் காலமான பிறகு, 2022 நவராத்திரிக்கு முன்னால், பூஜைப் பாத்திரங்களை நானே தேய்க்க உட்கார்ந்தேன். குத்துவிளக்கு, மணி, பஞ்சபாத்திரத்தோடு ஜாடியையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். கழுவி எடுத்தால் கறுப்பைக் காணோம். சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக ஓர் உலோகம் என்னைப் பார்த்தது. வெள்ளிக் கொடிகள் அதில் இருந்த இடம் தெரியவில்லை. நான் படித்ததோ ரசாயனம். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் பித்தளையின் மேல் படிந்த ஆக்ஸைடைக் கரைத்துத்தான் அதைப் பளபளப்பாக்குகிறது என்று தெரியும். அதே அமிலம் இந்தக் கறுப்பையும் கரைத்துவிடும் என்று அன்று தோன்றவில்லை. என் மனைவி அந்த ஜாடியை ஒருநாளும் தண்ணீரில் நனைத்ததில்லை என்பதும் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்த வருத்தத்தில்தான் பித்ரியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 15-ஆம் நூற்றாண்டில் பாமனி சுல்தான் அஹமது ஷா தன் தலைநகரை குல்பர்காவிலிருந்து பீதருக்கு மாற்றினார். பாரசீகத்திலிருந்து கவிஞர்களும் கட்டடக் கலைஞர்களும் அங்கே வந்தார்கள். 1472-ல் மந்திரி மஹ்மூத் கவான் கட்டிய கல்லூரியின் ஓட்டு வேலைப்பாட்டில் இன்றும் அந்தச் சாயலைப் பார்க்கலாம். பித்ரி வேலையும் பாரசீகக் கைவினைஞர்களோடு வந்தது என்பது அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லும் செய்தி. 17-ஆம் நூற்றாண்டில் தக்காணத்தில் புகையிலை பரவியபோது உக்காவின் அடிக்குடங்கள் பித்ரியில் ஏராளமாகச் செய்யப்பட்டன. வெற்றிலைப் பெட்டி, தாம்பாளம், கூஜா என்றும் செய்தார்கள். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியிலும் பித்ரிப் பொருள்கள் இடம்பெற்றன. உக்கா வழக்கொழிந்த பின் அதே கைகள் பூச்சாடியும் நகைப்பெட்டியும் செய்யத் தொடங்கின.

2023 ஜனவரியில் ஜாடியைத் துணியில் சுற்றிக்கொண்டு பீதருக்கே போனேன். ஒரு சிறிய பட்டறையில் வயதான கைவினைஞர் ஒருவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "புளியா, சாஹேப்?" என்று ஹிந்தியில் கேட்டார். நான் தலையசைத்தேன். "விட்டுப் போங்கள், சாயங்காலம் வாருங்கள்" என்றார். நான் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன்.

உலோகம் பெரும்பாலும் துத்தநாகம். அதில் சிறிதளவு செம்பு. விளக்கெண்ணெயும் குங்கிலியமும் கலந்த மண் அச்சில் வார்த்து, அரத்தால் தேய்த்து வழவழப்பாக்குகிறார்கள். பிறகு மயில்துத்தக் கரைசலைப் பூச, மேற்பரப்பு தற்காலிகமாகக் கறுக்கிறது. உளியால் கீறும் கோடு அப்போதுதான் வெள்ளையாகத் தெரியும். ஸ்டென்சில் எதுவும் இல்லாமல் கைப்போக்கில் கொடியும் பூவும் செதுக்கி, அந்தப் பள்ளங்களில் வெள்ளிக் கம்பியைச் சுத்தியால் தட்டிப் பதிக்கிறார்கள். மறுபடி தேய்த்தால் தற்காலிகக் கறுப்பு போய், உலோகமும் வெள்ளியும் ஏறக்குறைய ஒரே நிறமாகிவிடும்.

கடைசிக் கட்டம்தான் விசேஷம். பழைய பீதர் கோட்டைக்குள், வெயிலும் மழையும் படாத இடங்களிலிருந்து எடுத்த மண்ணை நவச்சாரத்தோடு தண்ணீரில் கரைத்து, சற்றே சூடாக்கிய பாத்திரத்தின் மேல் தடவுகிறார்கள். துத்தநாகம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். எளிதில் வினைபுரியாத வெள்ளி அப்படியே நிற்கும். மண்ணில் உள்ள உப்புகளும் கலவையிலுள்ள செம்பும் இதற்குக் காரணம். செம்பு கலக்காத துத்தநாகம் இவ்வளவு கறுக்காது. சரியான மண்ணை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டேன். நாக்கில் வைத்துச் சுவைத்துப் பார்ப்போம் என்றார். சோதனைச்சாலையில் மூன்று வருடம் படித்த எனக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

என் ஜாடிக்கு அந்தக் கடைசிக் கட்டம் மட்டுமே தேவைப்பட்டது. கழுவி, எண்ணெய் தடவித் துடைத்தபோது கறுப்பு திரும்பி வந்திருந்தது. என் கண் கலங்கியதை அவர் பார்த்தாரோ என்னவோ, ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் பிள்ளைகள் இந்த வேலையைச் செய்கிறார்களா என்று கேட்டேன். வெள்ளி விலை ஏறிவிட்டது, ஒரு ஜாடிக்குப் பல நாள் உட்கார வேண்டும், அவர்களுக்குப் பொறுமையில்லை என்றார்.

சுதந்திரத்துக்குப் பின் 1952-ல் அகில இந்திய கைவினைப் பொருள் வாரியம் அமைந்தது. கமலாதேவி சட்டோபாத்யாய் அதன் தலைமைப் பொறுப்பில் இருந்து நாடெங்கும் நலிந்த கைத்தொழில்களுக்கு உயிரூட்டினார். பல நகரங்களில் திறக்கப்பட்ட சர்க்கார் எம்போரியங்கள் இவற்றை நடுத்தர வர்க்கத்தின் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தன. எங்கள் ஜாடியும் அப்படி ஒரு கடையில் வாங்கியதுதான். 2023-ல் பீதரைச் சேர்ந்த பித்ரிக் கலைஞர் ஷா ரஷீத் அஹமது காத்ரிக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விருது பெருமைதான். ஆனால் வாங்குவதற்கு ஆள் இருந்தால்தான் பட்டறையில் அடுத்த தலைமுறை உட்காரும்.

இப்போது வீட்டை அலங்கரிக்க விலை மலிந்த பொருள்கள் எத்தனையோ கிடைக்கின்றன. பத்துப் பொருள் வாங்கும் பணத்தில், செய்தவரின் கை தெரியும் பொருள் ஒன்றை வாங்கி வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் வீட்டுப் பரணில் மங்கிப்போன கறுப்பு ஜாடியோ டப்பாவோ கிடந்தால், தயவுசெய்து புளியைத் தொடாதீர்கள். மெல்லிய பருத்தித் துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடையுங்கள். அது போதும்.