கட்டுமரம் எப்படி ‘கேட்டமரான்’ ஆனது?

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் எவை என்று கேட்டால், சுருட்டு, மிளகுத்தண்ணீர், கட்டுமரம் என்று உடனே அடுக்கிவிடுவோம். ‘கேட்டமரான்’ என்பது நம் கட்டுமரம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு வேடிக்கை. இன்றைய ஆங்கிலேயர் ‘கேட்டமரான்’ என்று சொல்வது கட்டுமரத்தை அல்ல!

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய மீனவர் ஊர் நெட்டுக்குப்பம். இந்தக் கரை முழுக்க ஒரு காலத்தில் கட்டுமரங்கள்தான். எடை குறைந்த மரங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கயிற்றால் கட்டுவார்கள். ஆணியே கிடையாது. அலை மேலே ஏறினாலும் தண்ணீர் இடுக்கு வழியே வடிந்துவிடும், அதனால் மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவார்கள். மறுபடி கட்டினால்தான் அது கட்டுமரம். அவிழ்த்துவிட்டால் வெறும் மரம்!

சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிடும். அலை கடுமையான நாட்களில், நனையாத கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போனவர்கள் கட்டுமரக்காரர்களே.

வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி 1697-இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதினார். அதன் பிறகு இந்தச் சொல் பட்ட பாடு இருக்கிறதே...

1804-இல் பிரான்சின் பொலோன் துறைமுகத்தில் நின்ற நெப்போலியனின் படகுகளைத் தகர்க்க, ராபர்ட் ஃபுல்டன் வடிவமைத்த வெடிமருந்துப் பெட்டிகளை ஆங்கிலேயர் மிதக்கவிட்டனர். அவற்றுக்கும் பெயர் ‘கேட்டமரான்’! 19-ஆம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணைத் திட்டவும் இதே சொல் பயன்பட்டது. கட்டுமரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தமோ!

1876-இல் அமெரிக்கர் நத்தானியல் ஹெரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை உடல் படகைக் கட்டி நியூயார்க் போட்டியில் மற்றவர்களைத் திணறடித்தார். இரட்டை உடல் படகு பசிபிக் தீவு மக்களின் பழைய அறிவு. ஆனால் அந்த வகைக்கு நிலைத்த பெயரோ தமிழ்ப் பெயர். பிறகு ‘மரான்’ என்ற வாலை மட்டும் வெட்டி ஒட்டி, மூன்று உடல் படகை ‘டிரைமரான்’ என்றார்கள். ‘கட்டு’ கழன்று விழுந்தது, மரம் மட்டும் மிஞ்சியது. அந்தப் படகுகள் பலவற்றில் இன்று மரமும் இல்லை, எல்லாம் ஃபைபர்.

சென்னைக் கரையிலும் அதே கதைதான். 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின, கட்டுமரங்கள் அருகிவிட்டன. ஃபைபர் படகில் இன்ஜின் உண்டு, தூரம் போகலாம், வலையும் நிறைய ஏற்றலாம். மீனவர் மாறியதில் தவறே இல்லை.

சொல் அழியாது, உலகம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் எந்த மரத்தை எங்கே வைப்பது, கயிற்றை எப்படி இறுக்குவது என்ற அறிவு அகராதியில் இல்லை. அது கட்டிப் பழகிய கைகளில்தான் இருக்கிறது. அந்தக் கைகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.