விவிலியத்தை நன்கு புரிந்துகொள்பவர் யார்? நாத்திகரா, நாமா?



"உங்கள் பைபிளை உங்களைவிட நாங்கள்தான் நன்றாகப் படித்திருக்கிறோம்" என்று நாத்திக நண்பர்கள் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். கல்லூரி விடுதியிலும், அலுவலகத்தின் மதிய உணவு வேளையிலும், தேநீர்க் கடையிலும் இந்தப் பேச்சு எழுவதுண்டு. அப்போது நம்மில் சிலர் கோபப்படுகிறோம். சிலர் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுகிறோம். இரண்டுமே பதில் ஆகாது. அவர்கள் சொல்வதில் உண்மை எவ்வளவு, அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன என்று அமைதியாகப் பார்ப்பதே நல்லது.

நாத்திகர் என்பவர் யார்?

'நாஸ்தி' என்றால் 'இல்லை' என்று பொருள். வேதத்தை ஏற்காதவர்களைக் குறிக்கவே இந்தச் சொல் முதலில் வழங்கியது. அந்தப் பொருளில் சமணரும் பௌத்தரும் நாத்திகர் என்று அழைக்கப்பட்டார்கள். செஞ்சிப் பகுதி மக்களுக்குச் சமணம் அந்நியமானது அன்று. செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. அருகிலுள்ள மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கிறது. உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்பதைச் சமணம் ஏற்பதில்லை. ஆயினும் கொல்லாமை, நோன்பு, துறவு ஆகியவற்றில் அவர்கள் காட்டும் உறுதியை யாரும் மறுக்க முடியாது. ஆகவே 'நாத்திகர்' என்ற சொல்லைக் கேட்டவுடன் 'ஒழுக்கம் இல்லாதவர்' என்று எண்ணுவது தவறு.

இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். உரோமைப் பேரரசின் தெய்வங்களை வணங்க மறுத்ததால் தொடக்கக் காலக் கிறிஸ்தவர்களையும் நாத்திகர் என்றே பிறர் பழித்தார்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் கொள்கைத் திரட்டில் நாத்திகம் பற்றித் தனியாகப் பேசியது. நாத்திகம் தோன்றுவதில் நம்பிக்கையாளர்களுக்கும் பங்கு உண்டு என்று அது வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. மறைக்கல்வியைப் புறக்கணிப்பதாலும், போதனையைத் தவறாக எடுத்துரைப்பதாலும், நம் வாழ்க்கைக் குறைகளாலும் கடவுளின் உண்மை முகத்தை நாமே மறைத்துவிடக்கூடும் என்பது சங்கத் தந்தையரின் எச்சரிக்கை.

ஆய்வு சொல்வது என்ன?

'நாத்திகருக்கே அதிகம் தெரியும்' என்ற பேச்சு உலகெங்கும் பரவக் காரணமானது 2010 செப்டம்பரில் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட ஓர் ஆய்வு. 3,412 பேரிடம் சமயங்களைப் பற்றி 32 கேள்விகள் கேட்கப்பட்டன. பொதுவான சராசரி 16 சரியான விடைகள். நாத்திகரும், கடவுள் உண்டா என்பதை அறிய இயலாது என்போரும் சராசரியாக 20.9 விடைகள் தந்து முதலிடம் பெற்றார்கள். யூதர்கள் 20.5, மார்மன் சபையினர் 20.3. கத்தோலிக்கரின் சராசரி 14.7 மட்டுமே.

இதைவிட நம்மைச் சுடும் செய்தி ஒன்றும் அதில் இருந்தது. திருப்பலியில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது தங்கள் திருச்சபையின் போதனை என்பதே 45 விழுக்காடு கத்தோலிக்கருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆனால் இந்த ஆய்வைப் பலர் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 32 கேள்விகளில் விவிலியத்தையும் கிறிஸ்தவத்தையும் பற்றியவை 12. அவற்றில் முதலிடம் நாத்திகருக்குக் கிடைக்கவில்லை. மார்மன் சபையினர் 7.9, வெள்ளை இன நற்செய்திச் சபையினர் 7.3, நாத்திகரும் அறிய இயலாது என்போரும் 6.7. நாத்திகர் முந்தி நின்றது பிற சமயங்களைப் பற்றிய கேள்விகளில்தான். மேலும் கல்வித்தகுதி உயர உயர விடைகளும் கூடின. அங்கே பலர் சமயப் பற்றுள்ள குடும்பத்தில் வளர்ந்து, படித்து, யோசித்து, பிறகு நாத்திகரானவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆக, இந்த எண்கள் காட்டுவது எளிய உண்மை. விவிலியத்தை எடுத்து வாசிப்பவருக்கு விவிலியம் தெரிகிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருப்பதால் மட்டும் யாருக்கும் அது தெரிந்துவிடுவதில்லை.

தமிழ் மண்ணில் நடந்தது

இது அமெரிக்காவின் கதை மட்டும் அன்று. 1880களிலேயே சென்னையில் 'தத்துவ விவேசினி' என்ற நாத்திக இதழ் வெளிவந்தது. ஐரோப்பிய, அமெரிக்கச் சுதந்திரச் சிந்தனையாளர்களின் கருத்துகளை அது தமிழருக்கு அறிமுகம் செய்தது. 1925இல் ஈரோட்டில் பெரியார் தொடங்கிய 'குடி அரசு' அந்த வழியில் இன்னும் உரக்கப் பேசியது. 'நான் ஏன் கிறிஸ்தவன் அல்ல' என்ற தலைப்பில் பெர்ட்ரண்ட் ரசல் 1927இல் இலண்டனில் ஆற்றிய உரையைச் சுயமரியாதை இயக்கத்தார் தமிழில் வெளியிட்டார்கள். அத்திமரம் பட்டுப்போனது ஏன், பன்றிக்கூட்டம் கடலில் விழுந்தது ஏன், நரகம் பற்றிய எச்சரிக்கை ஏன் என்று ரசல் கேட்ட கேள்விகள் இன்றும் நம் இளைஞர்களிடம் கேட்கப்படுகின்றன. அந்த நிகழ்ச்சிகள் எந்த நற்செய்தியில், எந்தச் சூழலில் வருகின்றன என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

இதற்கும் முந்தைய எடுத்துக்காட்டு யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர் நாத்திகர் அல்லர், உறுதியான சைவர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்த அவர், பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழில் பெயர்க்கத் துணையாக இருந்தார். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாகி வந்தது. சொல் சொல்லாக விவிலியத்தோடு பழகிய அவர், 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' என்ற நூலை எழுதினார். கோவில், பலி, தூபம், தீட்டு, தூய்மை என்று நீங்கள் பழிக்கும் சடங்குகள் எல்லாம் உங்கள் பழைய ஏற்பாட்டிலேயே இருக்கின்றனவே என்பது அவர் வாதம். எருசலேம் ஆலய வழிபாட்டைப் பற்றி அவர் அறிந்த அளவு அன்றைய கிறிஸ்தவரில் பலர் அறிந்திருக்கவில்லை. கிறிஸ்துவை ஏற்காத ஒருவர் விவிலியத்தை ஆழமாகக் கற்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குத் தேவையில்லை.

வெளியிலிருந்து பார்க்கும் கண்

வெளியார் பார்வைக்கு ஒரு தனிப் பயன் உண்டு. செஞ்சியையே எடுத்துக்கொள்வோம். 1597இல் நிக்கோலாஸ் பிமென்டா என்ற இயேசு சபைக் குரு இங்கு வந்தார். கிருஷ்ணப்ப நாயக்கர் அவரை வரவேற்றார். தாம் இந்தியாவில் கண்ட நகர்களில் செஞ்சியே பெரியது என்றும், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர எதுவும் இதற்கு ஈடாகாது என்றும் அவர் எழுதி வைத்தார். நாயக்கர் காலச் செஞ்சியைப் பற்றி எழுதும் வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் அவருடைய குறிப்புகளை நாடுகிறார்கள். அன்றாடம் கண்ட காட்சி என்பதால் உள்ளூர்க்காரர் கவனியாமல் விட்டவற்றை வெளியூர்க்காரர் கவனித்தார். ஆனால் இங்குள்ள குளங்களில் கோடையில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதைச் சில நாள் தங்கிச் சென்றவரைவிட இங்கே குடியிருந்தவர்தான் அறிந்திருப்பார். இரண்டு அறிவும் வேண்டும்.

தமிழ் இலக்கியமும் இதையே சொல்கிறது. சைவரான உ. வே. சாமிநாதையர் 1887இல் சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சுவடிகளை ஒப்பிடும் புலமை அவரிடம் இருந்தது. ஆனால் சமணச் சொற்களின் பொருளை அறிய, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடுகளுக்கே அவர் சென்று கேட்க வேண்டியிருந்தது. கிறிஸ்தவரான ஜி. யு. போப் 1900இல் திருவாசகத்தை ஆங்கிலத்தில் தந்தார். கம்பராமாயணத்தைக் கண்டிப்பதற்காகவே படிக்கத் தொடங்கிய கண்ணதாசன், அதற்கே வசப்பட்டு நாத்திகத்தை விட்டதாகச் சொல்லியிருக்கிறார். 1981இல் மறைந்த அவர் இறுதிக் காலத்தில் எழுதிய 'இயேசு காவியம்' நம் இல்லங்களில் இன்றும் இருக்கிறது. குறை காணப் படித்தாலும், நேர்மையாகப் படிப்பவரிடம் நூல் பேசத்தான் செய்யும்.

எழுத்தும் பொருளும்

நாத்திக நண்பர்கள் நமக்குச் செய்யும் ஓர் உதவி, நாம் தாண்டிச் செல்லும் பக்கங்களை அவர்கள் திறந்து காட்டுவது. எரிகோ நகரின் அழிவு (யோசு 6), திருப்பாடல் 137இன் கடுமையான இறுதி வரிகள், யூதாசின் சாவு பற்றிய இரு வேறு விவரங்கள் (மத் 27:5; திப 1:18) ஆகியவை அவற்றுள் சில. திருப்பலி வாசகங்களில் விவிலியம் முழுவதும் வாசிக்கப்படுவதில்லை. எனவே ஒரு ஞாயிறும் தவறாமல் கோவிலுக்கு வருபவரும் இப்பகுதிகளைக் கேட்காமலே இருந்துவிடலாம்.

ஆனால் அவர்களிடமும் ஒரு குறை காணப்படுவதுண்டு. ஒவ்வொரு வரியையும் நாளிதழ்ச் செய்தி போல எடுத்துக்கொள்வதுதான் அது. விந்தை என்னவென்றால், எழுத்துக்கு எழுத்து அப்படியே நடந்தது என்று அடம்பிடிக்கும் சில கிறிஸ்தவக் குழுக்களும் இதே முறையில்தான் வாசிக்கின்றன. ஒருவர் 'அதனால் நம்பு' என்கிறார்; மற்றவர் 'அதனால் நம்பாதே' என்கிறார். வாசிக்கும் முறை ஒன்றுதான்.

கத்தோலிக்கத் திருச்சபையின் வழி வேறு. 'இறைவெளிப்பாடு' பற்றிய 1965ஆம் ஆண்டுக் கொள்கைத் திரட்டு, ஆசிரியர் சொல்ல விரும்பியது என்ன, அவர் கையாண்ட இலக்கிய வகை எது என்று தேடச் சொல்கிறது. கவிதையைக் கவிதையாகவும், உவமையை உவமையாகவும், வரலாற்றை வரலாறாகவும் வாசிக்க வேண்டும். தொடக்க நூலின் முதல் இரு அதிகாரங்களில் படைப்பு இரு விதமாகச் சொல்லப்படுவது அப்போது முரண்பாடாகத் தோன்றாது. ஒரே உண்மையை இரு மரபுகள் இரு கோணங்களில் சொல்வதாக விளங்கும்.

விவிலியம் தரும் பதில்

அறிவும் நம்பிக்கையும் எப்போதும் சேர்ந்தே இருப்பதில்லை என்பதை விவிலியமே காட்டுகிறது. மெசியா பிறக்கும் இடம் எது என்று ஏரோது கேட்டபோது, தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞர்களும் இறைவாக்கை எடுத்துக்காட்டிச் சரியாகப் பதில் சொன்னார்கள் (மத் 2:4-6). ஆனால் பெத்லகேமுக்கு நடந்து சென்றவர்கள் அவர்கள் அல்லர். கிழக்கிலிருந்து வந்த அந்நியர். எருசலேம் கோவிலின் உயர்ந்த பகுதியில் அலகையும் திருப்பாடலை மேற்கோள் காட்டியது (மத் 4:6). மறுபுறம், எத்தியோப்பிய நிதியமைச்சர் தேரில் அமர்ந்து எசாயாவை வாசித்தார். விளக்கிச் சொல்ல ஒருவர் இன்றித் தமக்குப் புரியாது என்று ஒப்புக்கொண்டார் (திப 8:30-31). வாசித்தவர் அவர். புரியவில்லை என்று சொல்லத் துணிந்தவரும் அவரே. அதனால்தான் பிலிப்பு அவருக்குப் பயன்பட்டார்.

ஆகவே நம் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. செய்திகளை அறிவதில் நாத்திகர் நம்மை மிஞ்சலாம். பல வேளைகளில் மிஞ்சுகிறார்கள். கேள்வி கேட்பதிலும் நம்மைவிடத் துணிவு மிக்கவர்களாக இருக்கிறார்கள். ஆனால் அந்த வார்த்தை 'என்னிடம்' பேசப்படுகிறது, அதற்கு நான் கீழ்ப்படிய வேண்டும் என்ற புரிதல் நம்பிக்கையால் வருவது. அதை நம்மிடம்தான் உலகம் எதிர்பார்க்கிறது.

அவர்கள் சுட்டிக்காட்டும் சுவர்

இங்கேதான் கேள்வி கடினமாகிறது. கிறிஸ்துவில் யூதர் என்றும் கிரேக்கர் என்றும், அடிமை என்றும் உரிமைக் குடிமகன் என்றும் வேறுபாடு இல்லை என்று பவுலடியார் எழுதியதை (கலா 3:28) நாத்திகர் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். அதனால்தான், 'பிறகு ஏன் உங்கள் கல்லறையில் சாதி?' என்று கேட்கிறார்கள். வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில் சாதியின் பெயரால் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள எறையூரில், 2008 மார்ச் 9 அன்று கத்தோலிக்கருக்குள்ளேயே எழுந்த சாதி மோதலையடுத்து நடந்த துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். அது நம் புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்திலேயே நடந்தது. பவுலின் அந்த ஒரு வசனத்தை யார் புரிந்துகொண்டார், யார் புரிந்துகொள்ளவில்லை என்று கேட்டால் நாம் தலைகுனியத்தான் வேண்டும். தலித் மக்களை ஆற்றல்படுத்தும் கொள்கை அறிக்கையை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்டது. அது தாளில் நின்றுவிடாமல் பங்குகளில் நடைமுறையாக வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

மறைநூலை அறியாதவர் கிறிஸ்துவை அறியாதவர் என்று புனித எரோணிமுஸ் கற்பித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2019இல் பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறை இறைவார்த்தை ஞாயிறாக அறிவித்தார். ஆண்டுக்கு ஒரு நாள் விவிலியத்தைப் பவனியாக எடுத்து வருவதோடு அது முடிந்துவிடக் கூடாது.

1. நான்கு நற்செய்திகளிலும் சேர்த்து 89 அதிகாரங்களே உள்ளன. நாளுக்கு ஒன்று வாசித்தால் மூன்று மாதத்தில் முடித்துவிடலாம். புதிய ஏற்பாடு முழுவதும் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து வீதம் ஓர் ஆண்டு போதும்.

2. அன்பியக் கூட்டங்களில் எளிதான பகுதிகளையே திரும்பத் திரும்ப எடுக்காமல், கடினமான பகுதி ஒன்றையும் அவ்வப்போது வாசிப்போம்.

3. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளை கேள்வி கேட்டால் 'அப்படிக் கேட்கக் கூடாது' என்று அடக்க வேண்டாம். இங்கே பதில் கிடைக்காத பிள்ளை வேறிடத்தில் கேட்கும்.

4. விளக்கம் தேடுவோம். நாம் கையில் வைத்திருக்கும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் முன்னுரைகளும் அடிக்குறிப்புகளும் உள்ளன. அதைக் கத்தோலிக்கருக்கு வெளியிட்ட தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுநிலையம் செஞ்சிக்கு அடுத்த திண்டிவனத்திலேயே இருக்கிறது.

5. நாத்திக நண்பர் ஒரு வசனத்தைக் காட்டிக் கேட்டால், அவரோடு சேர்ந்தே அந்த அதிகாரம் முழுவதையும் வாசிப்போம். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, தேடிப் படித்து மறுமுறை சொல்வோம்.

அவர் விவிலியத்தைத் திறந்துவிட்டார் என்பதே பெரிய செய்தி. நம் வீட்டில் அது இன்னும் அலமாரியில் மூடியே இருக்கிறதா? இன்று மாலை செபமாலை முடிந்ததும் எடுத்து, ஓர் அதிகாரம் வாசித்துவிட்டுப் படுக்கைக்குச் செல்வோம்.