ஒரு வரைபடத்துக்கு வண்ணம் வந்த கதை

1976-ல் அமெரிக்கா சோர்ந்து போயிருந்தது. வாட்டர்கேட் ஊழலில் நிக்சன் பதவி விலகி இரண்டு ஆண்டுகள், வியட்நாமில் சைகோன் வீழ்ந்து ஓர் ஆண்டு. அந்த நிலையில் வந்தது அதிபர் தேர்தல். ஜெரால்டு ஃபோர்டை எதிர்த்து நின்றவர் ஜார்ஜியாவின் வேர்க்கடலை விவசாயி ஜிம்மி கார்ட்டர். முடிவுகளைப் பார்த்தவுடன் புரியும்படி காட்ட என்.பி.சி. தொலைக்காட்சி ஒரு பிரமாண்டமான அமெரிக்க வரைபடத்தைச் செய்தது. கணினி வரைகலை இல்லாத காலம். தச்சர்கள் மாநிலங்களை பிளாஸ்டிக்கில் வார்த்து, பின்னால் வண்ண பல்புகளைப் பொருத்தினார்கள். சோதித்துப் பார்க்க சுவிட்சைப் போட்டதும் அமெரிக்கா உருகத் தொடங்கியது.

பல்புகளின் சூட்டை பிளாஸ்டிக் தாங்கவில்லை. பெரிய குளிர்சாதன இயந்திரத்தையும் மின்விசிறிகளையும் வரைபடத்தின் முதுகுப்புறம் வைத்த பிறகே மாநிலங்கள் உருக்குலையாமல் நின்றன. எந்தக் கட்சிக்கு எந்த நிறம் என்பதற்கு அவ்வளவு பாடுகூட இல்லை. பிரிட்டனில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு நீலம், தொழிற்கட்சிக்குச் சிவப்பு. அதையே எடுத்துக்கொண்டார்கள்: ஃபோர்டின் குடியரசுக் கட்சிக்கு நீலம், கார்ட்டரின் ஜனநாயகக் கட்சிக்குச் சிவப்பு. விடியற்காலையில் மிசிசிப்பி கார்ட்டர் பக்கம் சாய்ந்து அவருக்கு வெற்றியைத் தந்தது. அந்த வெற்றியின் நிறம் சிவப்பு. ஆனால் அடுத்த தேர்தலிலேயே சிவப்பு வரைபடத்தைவிட்டு ஓடியது.

1980-ல் ரொனால்டு ரீகன் 44 மாநிலங்களை வாரிக்கொண்டார். திரை முழுக்க நீலம். புறநகர் வீட்டு நீச்சல்குளம் போலிருக்கிறது என்றார் என்.பி.சி.யின் டேவிட் பிரிங்க்லி. இதற்குள் மற்ற தொலைக்காட்சிகளும் வண்ண வரைபடத்துக்கு வந்திருந்தன, ஆளுக்கொரு விதி. 1984-ல் ஏ.பி.சி.யில் ரீகனுக்குச் சிவப்பு. சேனலை மாற்றினால் அதிபரின் நிறமும் மாறியது. இந்தக் குழப்பம் யாரையும் உறுத்தவில்லை, 2000 நவம்பர் 7 வரை.

அந்த ஆண்டு பெரிய தொலைக்காட்சிகள் எல்லாமே ஒரே பக்கம் நின்றன: ஜார்ஜ் புஷ்ஷின் குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு, அல் கோரின் ஜனநாயகக் கட்சிக்கு நீலம். 1976-ன் நேர் தலைகீழ். நியூயார்க் டைம்ஸ், யு.எஸ்.ஏ. டுடே நாளிதழ்களின் வண்ண வரைபடங்களிலும் அதே முறை. ரிபப்ளிகன், ரெட் இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்று என்பதைத் தாண்டி டைம்ஸின் வரைகலைஞரிடம் பெரிய காரணம் இல்லை. மறுநாள் காலை முடிவு வந்திருந்தால் இந்த ஏற்பாடும் பழையவற்றைப் போல மறந்து போயிருக்கும். முடிவு வரவில்லை.

எல்லாம் ஃபுளோரிடாவில் வந்து நின்றது. இரவு எட்டு மணி வாக்கில் அது கோருக்கு என்றார்கள். இரண்டு மணி நேரத்தில் வாபஸ். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மேல் புஷ்ஷுக்கு என்றார்கள். கோர் புஷ்ஷைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். தோல்வியை ஊரறியச் சொல்ல, ஆதரவாளர்கள் மழையில் காத்திருந்த நாஷ்வில் போர் நினைவுச் சதுக்கத்துக்கு காரில் புறப்பட்டார். மேடையேறும் முன் உதவியாளர்கள் மறித்தார்கள்: வித்தியாசம் கரைந்துகொண்டே வருகிறது! கோர் மறுபடி புஷ்ஷை அழைத்து, சொன்னதைத் திரும்பப் பெற்றார். விடியும் முன் ஃபுளோரிடா மீண்டும் நிறமிழந்தது.

அடுத்த 36 நாட்கள் அமெரிக்கா அந்த வரைபடத்தோடுதான் வாழ்ந்தது. துளையிட்ட வாக்குச்சீட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒட்டிக்கொண்டிருக்கும் காகிதத் துணுக்கை அதிகாரிகள் பூதக்கண்ணாடியில் உற்றுப் பார்ப்பார்கள். உடனே திரையில் வரைபடம் வரும். நீதிமன்றச் செய்தி வரும், மறுபடி வரைபடம். சிவப்பு மாநிலம், நீல மாநிலம் என்ற பேச்சு வாய்க்கு வாய் பரவியது. டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறு எண்ணிக்கையை நிறுத்தியது. ஏறக்குறைய 60 லட்சம் வாக்குகளில் வெறும் 537 வித்தியாசத்தில் ஃபுளோரிடா சிவப்பானது, புஷ் அதிபரானார். நாடு முழுவதும் அவரைவிட ஐந்து லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் பெற்றவர் கோர் என்பது வேறு விஷயம்.

அதன் பிறகு நிறத்தை மாற்றும் துணிவு எந்தத் தொலைக்காட்சிக்கும் வரவில்லை. உலகமெங்கும் பொதுவுடைமையின் அடையாளமான சிவப்பு, அதை ஜென்ம விரோதியாகக் கருதிய ரீகனின் கட்சிக்கே நிலைத்துவிட்டது. 2004 ஜூலையில் பாஸ்டனில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டு மேடையில் ஒபாமா என்ற இளம் அரசியல்வாதி, நாட்டைச் சிவப்பு, நீலம் என்று பிரிக்காதீர்கள் என்று முழங்கி ஒரே இரவில் புகழடைந்தார். பிரிவினை மட்டும் வளர்ந்தது. அந்த வண்ணம் அமெரிக்கர்களுக்கு நல்லது செய்யவில்லை என்றே சொல்ல வேண்டும். நூலிழையில் வென்ற மாநிலத்துக்கும் அது முழுப்பூச்சு பூசுகிறது. 2020-ல் டொனால்டு டிரம்புக்கு மற்ற எல்லா மாநிலங்களையும்விட அதிக வாக்குகளை, 60 லட்சத்துக்கும் மேல், அளித்தது வரைபடத்தில் முழு நீலமாக நிற்கும் கலிபோர்னியா.