21 பேர் சாப்பிட்ட கோடை

1966-ஆம் வருஷம் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை எங்க அப்பாயி வீட்டில் 21 பேர் இருந்தார்கள். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். வீட்டு ஆட்கள் 8 பேர்தான். மீதி 13 பேரும் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் லீவுக்கு வந்த நாத்தனார்கள், அவர்களுடைய பிள்ளைகள். அப்பாயிக்கு அப்போது 24 வயசு. வீட்டுக்கு மூத்த மருமகள், இடுப்பில் ஒரு வயசுப் பிள்ளை (எங்க அப்பாதான் அது).

எங்க குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து எதற்குக் கூடினாலும் இந்தக் கோடை பேச்சில் வந்துவிடும். மாமரம், நுங்கு, தண்ணியில்லாத பாமணியாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்தது, ராத்திரி வாசலில் வரிசையாகக் கோரைப்பாய் விரித்துப் படுத்தது... "அந்த மாதிரி ஒரு லீவு அப்புறம் வரவே இல்லடா" என்பார் சென்னைப் பாட்டி. அப்பாயி மட்டும் லேசாகச் சிரித்துவிட்டு எழுந்து போய்விடும்.

நான் படிப்பது பி.காம். இந்தியப் பொருளாதாரப் பாடத்தில் 1965-66 என்ற வருஷம் அடிக்கடி வரும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும்போதுதான் அது நம்ம வீட்டுக் கதையின் வருஷமாச்சே என்று உறைத்தது. பருவமழை பொய்த்த வருஷம். பாகிஸ்தானோடு போர் நடந்த வருஷமும் அதுதான். நாட்டின் உணவு தானிய விளைச்சல் முந்தைய வருஷம் 8.9 கோடி டன் இருந்தது, ஒரே வருஷத்தில் 7.2 கோடி டன்னாக விழுந்தது. 1966-ல் மட்டும் ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பெரும்பகுதி பி.எல். 480 திட்டத்தில் வந்த அமெரிக்க கோதுமை. திங்கட்கிழமை ராத்திரி சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரி கேட்டது 1965-ல். சென்னை, கோவை நகரங்களில் அரிசிக்கு ரேஷன். அரிசிச் சோறே சாப்பிட்டுப் பழகியவர்கள் கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்த காலம்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு அப்பாயிடம் போய்க் கேட்டேன். "எல்லாரும் லீவுக்குத்தான் வந்தாங்களா அப்பாயி?"

"லீவுக்கா வந்தாங்க? சோத்துக்கு வந்தாங்க சாமி. ஆனா அப்புடி சொல்லலாமா? நம்ம வீட்டுப் பொண்ணுங்கல்ல."

அறுபது வருஷமாக அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்தது இதுதான்.

தஞ்சாவூர் ஜில்லாவில் மட்டும் நெல் எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். காவிரிப் பாசனம். அன்றைய சென்னை மாநிலத்துக்கே சோறு போட்ட ஜில்லா. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14-ல் தொடங்கியபோது முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில்தான் வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக எங்க வீட்டில் குவிந்து கிடந்தது என்று நினைக்க வேண்டாம். அரசாங்கத்துக்கு லெவி அளந்தது போக, குறுவைக்கு விதை நெல் ஒதுக்கியது போக, பத்தாயத்தில் மிஞ்சியதுதான் அடுத்த அறுவடை வரைக்கும்.

அந்த மிச்சத்தை 21 வயிற்றுக்குச் சோறாக்கியது அப்பாயி. முதல் நாள் சாயங்காலம் நெல்லை ஊறப்போட்டு, விடியற்காலை நாலு மணிக்கு அண்டாவில் அவிக்கணும். வெயில் ஏறுவதற்குள் வாசலில் கொட்டிப் பரப்பணும். கால் சுடச்சுட நடந்து துழாவிவிடணும். காக்காய், கோழி விரட்டுவது பட்டணத்துப் பிள்ளைகளின் வேலை. அதுதான் அவர்கள் நினைவில் 'விளையாட்டு' :-) காய்ந்ததும் வண்டியில் ஏற்றி மில்லுக்கு அனுப்பணும். தவிடு மாட்டுக்கு, நொய் கஞ்சிக்கு. இதற்கு நடுவில் வடகம் பிழிவது, மாவடு போடுவது, கிணற்றில் நூறு குடம் இறைப்பது. ஒரு வேளைக்கு மூணு படி அரிசி உலையில் போடுமாம். மதியம், ராத்திரி என்று ஆறு படி. 45 நாளைக்குக் கணக்குப் போட்டால் 270 படி. தாத்தாவின் அப்பா எழுதிய வரவு-செலவு நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. மில் கூலி இருக்கிறது, வண்டி வாடகை இருக்கிறது. அவித்தவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. நாட்டு வருமானக் கணக்கிலேயே வீட்டு வேலையைச் சேர்ப்பதில்லை என்று எங்க பாடப்புத்தகம் சொல்கிறது, அவரை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது?

"நீ என்ன சாப்புட்ட?"

"கடைசியில என்ன இருக்கோ அது. பாதி நாளு நொய்க்கஞ்சி, இல்லாட்டி கேவுரு கூழு. எனக்குக் கூழு புடிக்கும்னு எல்லாருக்கும் சொல்லி வச்சிருந்தேன்."

ஜூன் பிறந்ததும் எல்லோரும் கிளம்ப வேண்டும். இங்கேதான் சிக்கல். ஜில்லாவை விட்டு அரிசி வெளியே போகக்கூடாது. வழியில் பஸ்ஸை நிறுத்தி மூட்டை முடிச்சைத் தடவிப் பார்ப்பார்கள். அப்பாயி மூன்று தலையணையில் பஞ்சை எடுத்துவிட்டு அரிசியைப் போட்டுத் தைத்தது. வடக டின்னுக்கு அடியிலும் கொஞ்சம். பிள்ளைகள் தலைக்கு வைத்துத் தூங்கியபடியே போனதால் தலையணை தப்பித்தது. டின் மாட்டிக்கொண்டது. "வடகத்த எல்லாம் ரோட்டுல கொட்டிட்டாங்க அண்ணி" என்று நாத்தனார் போட்ட கடுதாசியைச் சொல்லும்போது அப்பாயிக்கு இப்போதும் கோபம் வருகிறது. அரிசி போனதுக்கு இல்லை, வடகம் போனதுக்கு! அந்த வாரம்தான், ஜூன் 6-ல், ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆனது. பரீட்சைக்கு நான் படித்த பெரிய செய்தி அது. எங்க வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

இன்னொன்றும் கேட்டேன். நெல் அவிக்கக் கூட நின்ற பெண்கள், வயலில் நட்டு அறுத்தவர்கள், அவர்கள் அந்தக் கோடையில் என்ன சாப்பிட்டார்கள்? அப்பாயி ரொம்ப நேரம் பேசவில்லை. "கூலி நெல்லு வாங்கிட்டுப் போவாங்க. அதுவும் கோடையில வேல ஏது? நொய் கேப்பாங்க. இருந்தா குடுப்பேன்." இதே ஜில்லாவில், கூலியாகக் கொஞ்சம் கூடுதல் நெல் கேட்ட போராட்டத்தின் நடுவில் கீழவெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து போனது 1968 டிசம்பர் 25-ல். எங்க குடும்பத்தின் இனிய கோடையை எழுதும்போது அந்த வரியை விட்டுவிட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை.

1967 பிப்ரவரியில் தேர்தல். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. சொன்னது. அப்பாயி வீட்டு உலைக்கு ஒரு வேளைக்குப் போன அதே மூணு படி! அப்போது ஓட்டுப் போட 21 வயசு ஆகணும் என்பதால் அப்பாயிக்கு அதுதான் முதல் ஓட்டு. யாருக்குப் போட்டது என்று இன்றுவரை சொல்லவில்லை. அண்ணா முதல்வரானார். மூன்று படி முடியவில்லை. மே மாதம் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த வருஷக் கோடையிலும் வீட்டில் கூட்டம்தான்.

1967-68-ல் நாடு முழுக்க நல்ல விளைச்சல். 68 கோடைக்கு நாத்தனார்கள் யாரும் வரவில்லை. பிள்ளைகளுக்கு டியூஷன் என்று கடுதாசி வந்ததாம். மாம்பழம் மரத்தடியிலேயே விழுந்து கிடந்தது என்கிறது அப்பாயி.