தில்லி என்னும் பெயர்

நாம் குடியேறி வாழும் இந்நகர்க்குத் தில்லி என்னும் பெயர் வந்தது எவ்வாறு? திலு என்ற அரசன் பெயரால் வந்தது என்பர் சிலர். மெஹ்ரௌலி இரும்புத்தூண் வாசுகியின் தலைமேல் ஊன்றியது என்பதை ஐயுற்ற தோமர மன்னன் அனங்கபாலன் அதனைப் பெயர்த்தானாம், அடியில் குருதி கண்டு மீண்டும் நட்டானாம், தூண் இறுகவில்லையாம். தளர்ந்தது எனப் பொருள்படும் ‘டீலி’ என்னும் சொல்லே ஊர்ப்பெயராயிற்று என்பது கதை.

1170-ஆம் ஆண்டின் பிஜோலியாக் கல்வெட்டும், 1328-ஆம் ஆண்டின் சர்பன் கல்வெட்டும் ‘டில்லிகா’ என்கின்றன. ஒலியளவில் இது தூண் கதைக்கு அணித்தே. ஆயினும், கதையினின்று பெயர் பிறந்ததோ, பெயரினின்று கதை பிறந்ததோ? குப்தர் காலத்துத் தூண் அம்மன்னனுக்குப் பல நூற்றாண்டு மூத்தது. தளர்ந்ததென்று பழிக்கப்பெற்றும் இன்றளவும் அசையாது நிற்கின்றது.

கங்கைச் சமவெளியின் வாயிலாதலின், வாயிற்படி எனப் பொருள்படும் ‘தேஹலி’யே தில்லி ஆயிற்று என்பாரும் உளர். இச்சொல் நமக்குப் புதிதன்று. திருக்கோவலூர்ப் பெருமாள் தேஹளீசன் அல்லரோ? அங்கே, ஒருவர் படுக்கும் இடைகழியில் முதலாழ்வார் மூவரும் நின்று இடம் பகிர்ந்தனர். தலைநகரில் ஓரறையில் பலராய் வாழ்வு தொடங்கிய நம்மனோர்க்கு இதன் பொருள் விளங்கும். கல்வெட்டு எதனை மெய்ப்பிப்பினும், பின்வருவோர்க்கு இடமளித்தலே இவ்வூர்ப் பெயர்க்கு நாம் செய்யும் சிறப்பு.